நைரோபியிலிருந்து ஜோகன்னஸ்பர்க்: தூரம், பறக்கும் நேரம், பயணத் திட்டம் – முழுமையான வழிகாட்டி

அவசரத்தில் இருப்பவர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கென்யத் தலைநகர் நைரோபிக்கும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 2,912 கிலோமீட்டர். மைலில் 1,809, கடல் மைலில் 1,572. இடையில் எங்கும் நிற்காத விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். சாலை வழியாகப் போனால் 4,000 கிலோமீட்டர் அளவுக்கு வரும். நைரோபிக் கடிகாரம் ஜோகன்னஸ்பர்க்கைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்து டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். '4 மணி நேரம்' என்று நினைத்து மதியக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டவர் மாலையில்தான் வந்து சேர்வார். தூரம் எப்படி வருகிறது, அது எப்படி நேரமாகிறது, அந்த நேரம் எப்படி ஒரு முழுநாளைத் தின்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இந்த வழி கைக்கு வந்துவிட்டால் லாகோஸ்–அக்ரா, கெய்ரோ–கேப்டவுன் என்று எந்த இரண்டு ஆப்பிரிக்க நகரங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

படி 1: எந்த விமான நிலையம் என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

இணையத்தில் தூரம் தேடினால் ஒரு தளம் ஓர் எண்ணைச் சொல்லும், இன்னொரு தளம் பதினைந்து இருபது கிலோமீட்டர் கூட்டியோ குறைத்தோ சொல்லும். சிலர் நகர மையத்திலிருந்து அளக்கிறார்கள், சிலர் விமான நிலையத்திலிருந்து அளக்கிறார்கள் என்பதுதான் காரணம். பயணிக்கு வேண்டியது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள தூரம்.

நைரோபியில் நீங்கள் ஏறப்போவது ஜோமோ கென்யாட்டா பன்னாட்டு விமான நிலையம். 1958-இல் எம்பகாசி விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. டிக்கெட்டில் அதன் குறியீடு என்.பி.ஓ. நகருக்குள் வில்சன் என்று இன்னொரு விமான நிலையம் இருக்கிறது. மசாய் மாரா போன்ற இடங்களுக்கான சிறு விமானங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். சஃபாரி முடித்து அன்றே ஜோகன்னஸ்பர்க் போக நினைப்பவர்கள் கவனியுங்கள்: வில்சனில் இறங்கி, நகர நெரிசலைக் கடந்து ஜோமோ கென்யாட்டாவுக்குப் போகவேண்டும். இதற்கென்று தனியாகச் சில மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்குவது ஓ.ஆர். டாம்போ பன்னாட்டு விமான நிலையம், குறியீடு ஜே.என்.பி. விடுதலைப் போராட்டத் தலைவர் ஆலிவர் டாம்போவின் பெயர் 2006-இல் சூட்டப்பட்டது. நகரின் வடமேற்கில் லான்சீரியா என்ற சிறிய விமான நிலையமும் உண்டு. உள்நாட்டு விமானம் ஏதாவது மாறவேண்டியிருந்தால், அது டாம்போவிலிருந்தா லான்சீரியாவிலிருந்தா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 2: தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்

இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. கைப்பேசிக் கால்குலேட்டர் போதும். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நைரோபி: தெற்கு 1.32 டிகிரி, கிழக்கு 36.93 டிகிரி.
ஜோகன்னஸ்பர்க்: தெற்கு 26.14 டிகிரி, கிழக்கு 28.25 டிகிரி.

அட்சரேகை வித்தியாசம் 24.82 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், 24.82 × 111 = 2,755 கி.மீ. தெற்கு நோக்கிப் போகும் தூரம் இது.

தீர்க்கரேகை வித்தியாசம் 8.68 டிகிரி. இதையும் 111-ஆல் பெருக்கலாம், ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். நிலநடுக்கோட்டைவிட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். அதனால் இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையை எடுத்து அதன் கொசைன் மதிப்பால் பெருக்கவேண்டும். இங்கே சராசரி ஏறக்குறைய 14 டிகிரி, அதன் கொசைன் 0.97. ஆக, 8.68 × 111 × 0.97 = 935 கி.மீ. மேற்கு நோக்கிப் போகும் தூரம் இது.

அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். 2,755-இன் வர்க்கத்தையும் 935-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,909 கி.மீ. கிடைக்கும். பூமியின் வளைவைச் சரியாகக் கணக்கில் எடுக்கும் பெருவட்டச் சூத்திரம் 2,912 தருகிறது. மூன்றே கிலோமீட்டர் வித்தியாசம்! ஆப்பிரிக்கா நிலநடுக்கோட்டின் இருபுறமும் பரவிக் கிடப்பதால்தான் இந்த எளிய கணக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. இதையே லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் போட்டால் விடை மோசமாகத் தவறிப்போகும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் மற்றது தெற்கிலும் இருந்தால் அட்சரேகைகளைக் கழிக்கக் கூடாது, கூட்டவேண்டும். அடிஸ் அபாபா வடக்கு 9 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கான வித்தியாசம் 9 + 26 = 35 டிகிரி. கானாவின் அக்ராவும் இதே மாதிரி ஒரு பொறி. அது பூஜ்ஜியத் தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே இருக்கிறது, லாகோஸ் கிழக்கே இருக்கிறது. அங்கும் கூட்டல்தான்.

படி 3: அந்தக் கோடு எதன்மேல் போகிறது என்று பாருங்கள்

பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்த பகுதி. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு 2,912 கிலோமீட்டர் வெற்றுத் தூரம். கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்ப்பவருக்கு அது ஏழு நாடுகள்.

நைரோபியிலிருந்து விமானம் தெற்கும் தென்மேற்கும் கலந்த திசையில் கிளம்புகிறது. சில நிமிடங்களிலேயே தான்சானியா வந்துவிடும். பெருவட்டக் கோடு மேரு மலைக்கும் கிளிமஞ்சாரோவுக்கும் மேற்கே போகிறது. தெற்கு நோக்கிப் போகும்போது கிழக்கு இடப்பக்கம் அல்லவா? அதனால் போகும்போது இடப்பக்க ஜன்னல், திரும்பும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். மேகம் அதிகம் இல்லாத நாளில் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ மேகப் படலத்துக்கு மேலே தலைகாட்டுவதைப் பார்க்கலாம். காலை விமானத்தில் வாய்ப்பு அதிகம், பகல் ஏற ஏற மலையைச் சுற்றி மேகம் சூழ்ந்துவிடும்.

பிறகு தான்சானியத் தலைநகர் டொடோமாவுக்குச் சற்று மேற்கே. அதன்பின் மலாவி ஏரியின் வடமுனை. ஆப்பிரிக்காவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் ஏரி இது. அடுத்து மலாவி நாடு. பயணத்தின் சரிபாதி, அதாவது 1,456-ஆவது கிலோமீட்டர், மலாவியின் ம்சின்ஜிக்கும் சாம்பியாவின் சிபாட்டாவுக்கும் இடையிலுள்ள எல்லைப் பகுதியில் விழுகிறது. இதற்குப் பின் மொசாம்பிக்கின் மேற்கு மூலையில் சாம்பசி ஆற்றை மறித்துக் கட்டிய கபோரா பாசா நீர்த்தேக்கம் வரும். தொடர்ந்து ஹராரேக்கு அருகில் சிம்பாப்வே, கடைசியில் பெய்ட்பிரிட்ஜ் பக்கம் லிம்போபோ ஆறு. லிம்போபோவைத் தாண்டினால் தென்னாப்பிரிக்கா.

உண்மையான விமானம் இந்தக் கோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு போகாது. வான்வழித் தடங்கள், கட்டுப்பாட்டு நிலையத்தின் உத்தரவு, அன்று எந்த ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கிறது, எங்கே இடிமேகம் நிற்கிறது என்பதையெல்லாம் பொறுத்துச் சில பத்துக் கிலோமீட்டர் கூடலாம். பெருமழை மேகத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நூறு வரைகூடப் போகலாம். 2,912 என்பது இருக்கக்கூடியதிலேயே குறைந்த தூரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

போயிங் 737-800 போன்ற விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். 787 ட்ரீம்லைனர் 900-ஐத் தொடும். நான் பயன்படுத்தும் கணக்கு எளிமையானது: கிலோமீட்டரை 830-ஆல் வகுத்து, வரும் விடையோடு அரை மணி நேரம் கூட்டுங்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது, வாயிலுக்கு வந்து நிற்பது ஆகியவற்றுக்காக அந்த அரை மணி.

2,912 ÷ 830 = 3.51, அதாவது மூன்றரை மணி. அரை மணி கூட்டினால் 4 மணி நேரம். அட்டவணையில் 4 மணி நேரமோ அதற்கு மேல் ஒரு பத்து நிமிடமோ போட்டிருப்பார்கள்.

இந்தச் சூத்திரம் மற்ற இடங்களிலும் நிற்கிறதா? ஜோகன்னஸ்பர்க்–கேப்டவுன் 1,271 கி.மீ. கணக்குப்படி 2 மணி 2 நிமிடம், அட்டவணையிலும் ஏறக்குறைய அதுதான். லாகோஸ்–அக்ரா 400 கி.மீ. கணக்குப்படி ஒரு மணி நேரம், நடப்பிலும் ஒரு மணி நேரம்தான். கெய்ரோ–கேப்டவுன் போல 7,250 கி.மீ. அளவுக்கு நீண்டுவிட்டால் அகலமான, வேகமான விமானங்களே ஓடும் என்பதால் 830-க்குப் பதில் 870 அல்லது 880 போடுங்கள்.

அட்டவணையில் போட்டிருப்பது 'பறக்கும் நேரம்' அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வாயிலைவிட்டு நகர்ந்த நொடியிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்கும் நொடிவரை உள்ள நேரம் அது. விமானத் துறையில் பிளாக் நேரம் என்பார்கள். காற்றில் இருக்கும் நேரம் மட்டும் பார்த்தால் நைரோபி–ஜோகன்னஸ்பர்க் மூன்றே முக்கால் மணி அளவில் முடியும். சில நிறுவனங்கள் தாமதப் புகார் வராமல் இருக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் சேர்த்துப் போடுவதும் உண்டு. ஒரே வழித்தடத்துக்கு இரண்டு நிறுவனங்கள் வேறுவேறு நேரம் காட்டினால் குழம்பவேண்டாம்.

காற்று என்ன செய்யும்? கிழக்கு–மேற்காகப் பறக்கும்போதுதான் அதன் கை ஓங்கும். தென்னாப்பிரிக்காவின் மேலே, உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. அதனால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தென்மேற்கே கேப்டவுனுக்குப் போகக் கொஞ்சம் கூடுதல் நேரமும், திரும்பி வரக் கொஞ்சம் குறைவான நேரமும் ஆகிறது. நைரோபித் தடம் ஏறக்குறைய வடக்கு–தெற்கு. காற்று பக்கவாட்டில் அடிப்பதால் போகவும் வரவும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்தத் தடத்துக்கே உரிய ஒரு சிறப்பும் இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களுமே மேட்டுநிலத்தில் இருக்கின்றன. நைரோபி கடல்மட்டத்துக்கு மேல் 1,624 மீட்டர், ஜோகன்னஸ்பர்க் 1,694 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இறக்கைக்குத் தூக்குவிசையும் எஞ்சினுக்கு உந்துவிசையும் குறைகின்றன. விமானம் கிளம்ப நீண்ட ஓட்டம் வேண்டும். நைரோபி ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகவும், டாம்போவின் பெரிய ஓடுபாதை 4.4 கிலோமீட்டர் நீளமாகவும் இருப்பது இதனால்தான். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும். சூடான மதியத்தில் நிறைந்த விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றினால் பயப்படவேண்டாம், அங்கே அது வழக்கம்தான்.

ஜோகன்னஸ்பர்க்கில் அக்டோபர் முதல் மார்ச் வரை கோடைக்காலம். மதியத்துக்குமேல் இடியும் மின்னலும் ஆலங்கட்டியுமாகப் புயல்மழை வருவது அங்கே அன்றாடம். அந்த மாதங்களில் மாலை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையே தரையிறங்கும் விமானம் வானிலேயே வட்டமிட நேரலாம். என்னைக் கேட்டால், கோடையில் காலை விமானம்தான் எடுக்கவேண்டும்.

படி 5: கடிகாரத்தைத் திருத்துங்கள்

உலகப் பொது நேரத்தை (யு.டி.சி.) வைத்துச் சொன்னால் கென்யா யு.டி.சி. +3, தென்னாப்பிரிக்கா யு.டி.சி. +2. இரண்டு நாடுகளிலும் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. அதனால் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர வித்தியாசம்தான்.

நைரோபியில் காலை 7 மணிக்குக் கிளம்பி 4 மணி 10 நிமிடம் பறந்தால், நைரோபிக் கணக்கில் 11.10. ஜோகன்னஸ்பர்க் கடிகாரத்தில் 10.10. டிக்கெட்டில் '7.00 – 10.10' என்று பார்த்துவிட்டு 3 மணி 10 நிமிடப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. காலை 10 மணிக்குக் கிளம்பினால் நைரோபியில் இறங்கும்போது மாலை 3 மணி. டிக்கெட்டைப் பார்த்தால் ஐந்து மணி நேரப் பயணம்போலத் தெரியும். டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊரின் நேரம்.

லாகோஸ்–அக்ரா தடத்தில் இது வேடிக்கையாகவே இருக்கும். ஒரு மணி நேரப் பயணம், ஒரு மணி நேர வித்தியாசம். 10 மணிக்குக் கிளம்பி 10 மணிக்கே இறங்குவீர்கள்.

வேறு நாடுகளுக்குக் கணக்குப் போடும்போது இரண்டு இடங்களில் விழிப்பாக இருங்கள். எகிப்து 2023 முதல் மறுபடியும் கோடைக்கால நேர மாற்றத்தைக் கடைப்பிடிக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசு ஒரே நாடாக இருந்தும் இரண்டு நேர மண்டலங்கள் கொண்டது. கின்ஷாசா யு.டி.சி. +1, லுபும்பாஷி +2.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு விஷயம் பயணிகளை உண்மையிலேயே திண்டாடவைக்கிறது. சுவாஹிலி பேசுவோர் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுவார்கள். நமது காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. காலை 10 மணி அவர்களுக்கு 4 மணி. விமான நிலையமும் டிக்கெட்டும் சாதாரணக் கடிகாரத்தில்தான் இயங்கும். ஆனால் விடுதியிலிருந்து அழைத்துப்போக வரும் ஓட்டுநரிடம் சுவாஹிலியில் நேரம் பேசினால் ஆறு மணி நேரம் பிசகிவிடும். அதிகாலை விமானம் என்றால் நேரத்தை எழுத்தில், இருபத்துநான்கு மணிக் கணக்கில் அனுப்பிவிடுங்கள்: '03.15' என்று.

படி 6: நேரடி விமானமா, மாறிப் போவதா?

கென்யா ஏர்வேஸ் இந்தத் தடத்தில் நேரடியாகப் பறக்கிறது. நேரடி விமானத்துக்குக் கட்டணம் கூடுதலாகத் தெரியும்போது, தேடுதளம் அடிஸ் அபாபா வழியாகவோ கிகாலி வழியாகவோ மலிவான டிக்கெட்டைக் காட்டும். விலையைப் பார்க்கும் முன் சுற்று எவ்வளவு என்று பாருங்கள்.

அடிஸ் அபாபா நைரோபிக்கு வடக்கே இருக்கிறது, நீங்கள் போகவேண்டியதோ தெற்கே. நைரோபி–அடிஸ் 1,160 கி.மீ., அடிஸ்–ஜோகன்னஸ்பர்க் 4,070 கி.மீ., மொத்தம் 5,230. நேர்வழியைவிட 2,300 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். இரண்டு விமானங்களிலும் சேர்த்து ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்காரவேண்டும், இடையில் காத்திருப்பு வேறு. கிகாலி வழியானால் நைரோபி–கிகாலி 760, கிகாலி–ஜோகன்னஸ்பர்க் 2,700, மொத்தம் 3,460 கி.மீ.தான். கிகாலி ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருப்பதால் சுற்று சிறியது. இரண்டும் ஒரே விலை என்றால் கிகாலியைத் தேர்ந்தெடுங்கள். காத்திருக்கும் நேரம் எவ்வளவு, இடையில் இன்னொரு ஊரில் நிற்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து ஒட்டுப்போடும் யோசனை வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு பயணங்களும் இருக்கட்டும்.

ஆப்பிரிக்க நகரங்களுக்கிடையே நேரடி விமானங்கள் குறைவாகவும் விலை உயர்ந்தும் இருப்பதற்கு, ஒவ்வொரு நாடும் தன் வானத்தை இரு நாட்டு ஒப்பந்தங்களால் கட்டிக் காத்துவந்ததும் ஒரு காரணம். அதைத் திறந்துவிட 1999-இல் ஆப்பிரிக்க நாடுகள் எடுத்த யமூசுக்ரோ முடிவு வந்தது. 2018 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஒற்றை ஆப்பிரிக்க விமானப் போக்குவரத்துச் சந்தையைத் தொடங்கிவைத்தது. காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறை இன்னும் வரவில்லை. பக்கத்து நாட்டுக்குப் போக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றவேண்டியிருக்கும் பயணிகளைப் பார்க்கும்போது இது சீக்கிரம் சரியாகவேண்டும் என்றே மனம் ஏங்குகிறது.

படி 7: சாலையில் போக நினைத்தால்

வான்வழி 2,912 என்றால் சாலை வழி ஏன் 4,000? ஏரிகள், மலைகள், எல்லைக் கடப்பிடங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் சாலை வளைந்து போகவேண்டும். வழக்கமான தடம்: நைரோபி – நமாங்கா எல்லை – அருஷா – டொடோமா – இரிங்கா – ம்பேயா – துண்டுமா எல்லை – லுசாகா – சிருண்டு எல்லை – ஹராரே – பெய்ட்பிரிட்ஜ் எல்லை – ஜோகன்னஸ்பர்க். ஐந்து நாடுகள், நான்கு எல்லைகள்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஐந்து நாடுகளிலும் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். சிருண்டுவில் 2009 முதல் ஒரே இடத்தில் இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடுகிறது. ஆனால் துண்டுமாவும் பெய்ட்பிரிட்ஜும் சரக்கு லாரிகள் நெடுந்தூரம் வரிசைகட்டி நிற்கும் இடங்கள். பண்டிகைக் காலத்தில் பெய்ட்பிரிட்ஜைத் தவிர்க்கமுடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு 500 முதல் 600 கி.மீ. என்று வைத்தால் ஓட்டுவதற்கே ஏழெட்டு நாள். எல்லைத் தாமதத்துக்கும் ஓய்வுக்கும் சேர்த்துப் பத்து நாளாவது ஒதுக்குங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். விளக்கில்லாத லாரிகளும் மாடுகளும் யானைகளும் ஒரே சாலையில் வரும்.

படி 8: காகிதங்கள், குறிப்பாக மஞ்சள் காய்ச்சல் அட்டை

இந்த 4 மணி நேரப் பயணத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சிறிய மஞ்சள் அட்டைதான். கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து வருபவர்களிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். கென்யாவுக்குள் நுழையாமல், விமான நிலையத்திலேயே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து விமானம் மாறியவர்களுக்கும் இது பொருந்தும். சான்றிதழ் இல்லையென்றால் நைரோபியிலேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள்.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போட்டுக்கொள்ளலாம். எந்தக் கிழமைகளில் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் கிடைக்காது. இந்தியா திரும்பும்போதும் இந்த அட்டை தேவை. கென்யாவைவிட்டுக் கிளம்பிய ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். இலங்கையிலும் கேட்பார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு விசா எடுத்தே ஆகவேண்டும், அதைப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். கென்யா 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி தருகிறது. கடவுச்சீட்டில் குறைந்தது இரண்டு பக்கமாவது காலியாக இருக்கட்டும்.

கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. கடைப் பைகளில் துணி சுற்றிக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால் துணிப்பைக்கு மாறிவிடுங்கள்.

படி 9: வாசல் முதல் வாசல் வரை கணக்குப் போடுங்கள்

இப்போது எல்லாவற்றையும் ஒரு நாளில் பொருத்திப் பார்ப்போம். நைரோபியின் வெஸ்ட்லாண்ட்ஸ் பகுதி விடுதியிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதி விடுதிக்குப் போகிறோம். விமானம் காலை 7 மணிக்கு.

நைரோபி நேரம் 3.15-க்கு விடுதியைவிட்டுக் கிளம்பவேண்டும். 2022-இல் திறந்த 27 கி.மீ. கட்டண மேம்பாலச் சாலை வெஸ்ட்லாண்ட்ஸையும் விமான நிலையப் பக்கத்தையும் இணைக்கிறது. அந்த நேரத்தில் அரை மணி முதல் முக்கால் மணிக்குள் போய்விடலாம். அதே தூரத்துக்கு மாலை 5 மணிக்குக் கீழ்ச்சாலையில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், மார்ச் முதல் மே வரையிலான பெருமழைக் காலத்தில் இன்னும் மோசம். விமான நிலையத்துக்குள் நுழையும் முன்பே வண்டியிலிருந்து இறங்கிச் சோதனையைக் கடக்கச் சொல்லக்கூடும், அதற்கும் சில நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 4 மணிக்கு உள்ளே இருந்தால் மூன்று மணி நேரம் கையில் இருக்கும்.

7.00-க்குப் புறப்பாடு. ஜோகன்னஸ்பர்க் நேரம் 10.10-க்கு வாயிலில் நிற்கும். குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு காவ்ட்ரெயின். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன் தொடங்கிய இந்த விரைவு ரயில் டாம்போவிலிருந்து சாண்ட்டனுக்குச் சுமார் 15 நிமிடத்தில் கொண்டுவிடும். ரயிலுக்குக் காத்திருப்பு, கடைசித் துண்டு டாக்சி எல்லாம் சேர்த்து விடுதியை அடையும்போது நண்பகல் 12 மணி. உங்கள் உடம்பின் கணக்கில், அதாவது நைரோபி நேரத்தில், 1 மணி.

3.15-இலிருந்து 1 மணி வரை: ஒன்பதே முக்கால் மணி நேரம். அதில் விமானத்தின் பங்கு 4 மணி 10 நிமிடம். மணிக்கு 830 கி.மீ. வேக விமானத்தில் வந்தும், மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 300 கி.மீ.க்குச் சற்றுக் கீழேதான். தூரத்தைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் நேரத்தின் பெரும்பகுதி தரையில் கழிவதால், எந்த மணிக்கான விமானம், எந்தப் பகுதியில் விடுதி, எந்தச் சாலை என்ற மூன்று முடிவுகளில் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

காவ்ட்ரெயின் இரவு முழுவதும் ஓடாது. இரவு 8 மணிக்குமேல் இறங்கும் விமானம் என்றால் ரயிலை நம்பாமல், விடுதியிலிருந்தே வண்டி வரச்சொல்லி வையுங்கள். உள்ளே வந்து 'டாக்சி வேண்டுமா' என்று கேட்பவர்களோடு போகவேண்டாம்.

திரும்பும் பயணத்துக்கு இதையே அப்படியே தலைகீழாக்கிவிடாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் நைரோபியில் மாலை 3 மணிக்கு இறங்கி, 4 மணிக்கு வெளியே வருவீர்கள். நைரோபி நெரிசல் கட்டத் தொடங்கும் நேரம் அது. அன்று மாலை ஏதாவது சந்திப்பு இருந்தால் மேம்பாலச் சாலையில் போகும்படி ஓட்டுநரிடம் முன்னதாகவே சொல்லி, அதற்கான கட்டணத்தை ஷில்லிங்காகக் கையில் வைத்திருங்கள்.